பட்டச் சான்றிதழில் இருந்த ஒரு கூடுதல் சொல்

2019-ஆம் ஆண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கான முதுநிலை ஆசிரியர் தேர்வில், வேதியியல் பாடத்தில், பணி கிடைப்பதற்குப் போதுமான மதிப்பெண் எனக்கு வந்திருந்தது. ஆயினும் சான்றிதழ் சரிபார்ப்புடன் அந்த வாய்ப்பு முடிந்து போனது. என் இளநிலைப் பட்டச் சான்றிதழில் ‘வேதியியல்’ என்று இல்லாமல் ‘தொழில்துறை வேதியியல்’ என்று இருந்ததுதான் காரணம். அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. காவேரிப்பட்டணம், பர்கூர், காரிமங்கலம், பாலக்கோடு பக்கங்களில் இந்த ஆண்டும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தின் முன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நடந்ததை நடந்தபடியே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்கு அருகில். அப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வந்தார். 2009-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது மே மாதக் கடைசி, காய் இறங்கும் நேரம். கல்லூரி பார்த்து அலைய வீட்டில் யாருக்கும் நேரமில்லை. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பேருந்துப் பயணம்தான். ஆனால் அந்த ஆண்டு வெளி மாவட்டத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்று கிருஷ்ணகிரியில் அறை எடுத்துச் சேர்க்கை நடத்தியது. அங்கே கொடுத்த வண்ணக் கையேட்டில் ‘பி.எஸ்ஸி. இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி’ என்று இருந்தது. சாதாரண வேதியியலைவிட இதற்கு ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் உடனே வேலை கிடைக்கும் என்று அங்கிருந்தவர் அப்பாவிடம் விளக்கினார். ஓசூர் என்ற பெயர் எங்கள் மாவட்டத்துப் பெற்றோருக்கு எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விடுதிக் கட்டணத்தையும் சேர்த்து முதல் ஆண்டுக்கு 42,000 ரூபாய். தோப்புக்காரருக்குத் தர வைத்திருந்த பணத்திலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்தார். பட்டத்தின் பெயர் சான்றிதழில் எப்படி அச்சாகும், அந்தப் பெயரை அரசுப் பணிக்கு ஏற்பார்களா என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் எழவில்லை.

சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். விடுதியில் மூன்றாம் ஆண்டு படித்த அக்கா ஒருவர், ஆசிரியர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பாடப்பிரிவில் இருக்காதே, வேதியியலுக்கு மாறிவிடு என்று சொன்னார். எனக்கு அந்த எண்ணம் பள்ளிக் காலத்திலிருந்தே உண்டு. மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன். வேதியியலில் இடமில்லை, கல்லூரியை விட்டுப் போவதானால் மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அவர்களுடைய இரும்பு அலமாரியில் இருந்தன. அன்று மாலை விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

இன்று அந்த நிலையில் இருக்கும் மாணவர் அழ வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரி மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தன்னிடம் வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. விலகுவோருக்குக் கட்டணத்தை எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே அறிவிக்கை வரையறுத்தது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் முன்போ அதற்கும் முன்னதாகவோ விலகினால் முழுக் கட்டணம் (அதில் நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம்), கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மானியக் குழு இவ்விதிகளை அவ்வப்போது புதுப்பிக்கிறது என்பதால், சேரும் ஆண்டில் நடைமுறையில் இருப்பதைப் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விலகல் கடிதத்தை வாயால் சொல்லாமல் எழுத்தில், தேதியுடன் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிடுங்கள். நாள் கணக்குக்கு அந்த முத்திரைதான் சாட்சி.

அந்த மூன்று ஆண்டுகளை நான் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் 41 பேர். பாதிக்கு மேல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே அறையில் புழங்கும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வருபவர்கள் கேழ்வரகு மாவும் புளியும் கொண்டுவந்து, விடுதிச் சமையற்கார அம்மாவிடம் கெஞ்சிக் களி கிளறச் சொல்வோம். பாலக்கோடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு எங்களைப் பார்வையிட அழைத்துச் சென்ற நாளில், கரும்புச் சாறு சுண்ணாம்பு சேர்த்துத் தெளிவதை நேரில் கண்டபோது, புத்தகத்தில் இருந்தது கண்முன் நடப்பதாக இருந்தது. வண்ணப்பூச்சு, தோல் பதனிடுதல், நீர்ப் பகுப்பாய்வு என்று மற்ற வேதியியல் மாணவர்களுக்கு இல்லாத தாள்கள் எங்களுக்கு இருந்தன. பாடத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் படிப்பு சான்றிதழில் எந்தப் பெயரில் நிற்கும் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லாமல் விட்டதுதான் குறை.

2012-இல் பட்டம் முடித்து, வேறொரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியலில் சேர விண்ணப்பித்தேன். உடனே இடம் கிடைத்தது. ‘வேதியியல் அல்லது அதைச் சார்ந்த பாடம்’ என்று சேர்க்கைத் தகுதியில் இருந்தது. இந்த இடத்தில்தான் நானும் என் தோழிகளும் பெரிதாக ஏமாந்தோம். மேற்படிப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்றால் இளநிலைப் பட்டத்தில் சிக்கல் இல்லை என்று பொருள் கொண்டோம். மேற்படிப்புக்கான தகுதியைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் தீர்மானிக்கின்றன. அரசுப் பணிக்கான தகுதியை அந்தப் பணியின் விதிகள் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பில்லை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு, இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடத்தை, அல்லது அதற்கு இணையானது என்று ஏற்கப்பட்ட பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. எம்.எஸ்ஸி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியும், அடியில் இருந்த பட்டத்தின் பெயர் என்னைக் கைவிட்டது.

பி.எட். படிப்பு ஓராண்டாக இருந்த கடைசிப் பிரிவில், 2014-15-இல், நான் படித்து முடித்தேன். பிறகு தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, மாலையில் பயிற்சி மையத்துக்குப் போனேன். 2017 தேர்வில் மதிப்பெண் போதவில்லை. பயிற்சிக்கு இன்னொரு முறை 18,000 ரூபாய் கட்டி, 2019 தேர்வுக்குப் படித்தேன். மொத்தம் 150 மதிப்பெண்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. முடிவு வந்த நாளில் அப்பா மார்க்கெட்டிலிருந்து பேருந்து ஏறி தருமபுரிக்கே வந்து, ஒன்றும் பேசாமல் என் கையில் ஒரு பொட்டலம் மைசூர்பாகைக் கொடுத்தார்.

சரிபார்ப்பு மையத்தில் என் சான்றிதழ்களைப் பார்த்த அலுவலர் மரியாதையாகவே பேசினார். இளநிலைப் பட்டத்தைக் கையில் எடுத்தவர், பெயருக்கு அடியில் இருந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். “இதுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்காம்மா?” என்று கேட்டார். ஒரு பட்டத்தை இன்னொரு பாடத்தின் பட்டத்துக்கு இணையாக ஏற்று அரசு வெளியிடும் ஆணை அது. அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். இல்லை என்றேன். இருந்தால் கொண்டுவந்து கொடுக்கச் சில நாள் அவகாசம் தந்தார்கள். என் பல்கலைக்கழகம் அளித்த அந்தப் பட்டத்துக்கு அப்படியோர் அரசாணை பிறக்கவே இல்லை என்பது, மூன்று நாள் அலைந்த பிறகு தெரிந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தின் அதே பெயருள்ள பட்டத்துக்கு அரசாணை இருப்பதாக ஒருவர் நகல் அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு போனேன், ஏற்கவில்லை. அரசாணை குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட பட்டத்துக்கே பொருந்தும்.

அப்போதுதான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். பட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று புரிந்தது. நாங்கள் அவற்றைக் குழப்பி ஒன்றாகவே எண்ணியிருந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்பது முதலாவது. 1956-ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வழங்கப்படும் பட்டம் மானியக் குழு அறிவித்த பட்டங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பது இரண்டாவது. அந்தப் பட்டியல் 2014-இல் விரிவாக வெளியானது. பி.எஸ்ஸி. என்பது அதில் இருப்பதால் இந்த இரண்டிலும் எனக்குத் தடையில்லை. அந்தப் பட்டத்தின் பாடப்பெயரை நம் மாநில அரசுப் பணிக்கு எந்தப் பாடத்துக்கு இணையாகக் கொள்கிறார்கள் என்பது மூன்றாவது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியாக இணைத்தன்மை ஆராயப்பட்டு, உயர்கல்வித் துறை அரசாணை வெளியிடுகிறது. கல்லூரிக் கையேட்டில் ‘மானியக் குழு அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே விடை.

அன்று என்னோடு வரிசையில் நின்ற ஓசூர்க்காரர் ஒருவரின் கதை வேறு. கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக் கிடக்கும் மாவட்டம் ஆகையால், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களின் பெயரில் தொலைநிலைப் படிப்பு மையங்கள் எங்கள் பக்கம் நிறைய இருந்தன. அப்படியொரு மையத்தில் அவர் முதுநிலை படித்திருந்தார். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி நடத்தக் கூடாது என்பதை 2013-இலேயே மானியக் குழு தெளிவுபடுத்திவிட்டது. தொலைநிலையிலோ இணையவழியிலோ சேருபவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, தாங்கள் சேரும் அதே பருவத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிசம்பரில் கல்லூரிக்குப் போனேன். எங்கள் துறை 2016-இலேயே மூடப்பட்டிருந்தது. மாணவர் சேர்க்கை குறைந்ததாம். எங்கள் ஆய்வகத்தில் கணினிகள் வரிசையாக இருந்தன. குழாய்த் தொட்டி இருந்த இடத்தில் சுவரில் சிமெண்ட் பூச்சு மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க, நான் படித்த ஆண்டுகளுக்கு உரிய பாடத்திட்டத்தைக் கல்லூரி சான்றொப்பமிட்டுத் தர வேண்டும். மூடிய துறையின் தாள்கள் எங்கே என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் முறை, வாசலில் காவலர் அண்ணன்தான் ஜனவரி 26 அன்று பழைய மாணவர் சந்திப்பு நடக்கிறது, அன்றைக்கு வா, எல்லோரும் இருப்பார்கள் என்று சொன்னார்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என்று கடைசிப் பருவத் தேர்வுக் கட்டணத்தோடு 300 ரூபாய் வாங்கியிருந்தார்கள்; அதன் பிறகு நான் அதை நினைத்ததே இல்லை. 2020 குடியரசு நாளன்று கொடியேற்றம் முடிந்ததும் அரங்கில் கூடினோம். எங்கள் வகுப்பிலிருந்து 12 பேர் வந்திருந்தார்கள். பேசப் பேசத்தான், அவர்களில் 5 பேர் என்னைப் போலவே வெவ்வேறு தேர்வுகளில் திரும்பியவர்கள் என்று தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் தலையெழுத்து என்று எண்ணித் தனியாகவே சுமந்திருந்தோம். அரூரிலிருந்து வந்த தோழி, ரேஷன் அட்டை உறைக்குள் வைத்து ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். முதலாண்டில் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த பாடத்திட்டம். அவளுடைய அம்மா டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாராம். நீல அட்டையின் மூலையில் நைட்ரிக் அமிலம் பட்ட மஞ்சள் கறை இருந்தது. அந்தக் குப்பியைத் தட்டிவிட்டது நான்தான். கறையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று கிடைத்த இன்னொரு உதவி அதைவிடப் பெரியது. எங்களுக்குக் கரிம வேதியியல் எடுத்த ஐயா, வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாலும் சந்திப்புக்கு வந்திருந்தார். அந்தப் பாடத்திட்டத்தை வகுத்த பாடத்திட்டக் குழுவில் அவர் உறுப்பினர். வேதியியல் பட்டத்தின் பாடத்திட்டத்தையும் எங்களுடையதையும் அலகு அலகாக அருகருகே வைத்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்க வேண்டும், அதை நான் செய்து தருகிறேன் என்றார். இரண்டு மாதத்தில் செய்தும் கொடுத்தார். இணைத்தன்மைக்கு முயல்பவர்கள் அலுவலகத்தை மட்டும் நம்பியிராமல், தாங்கள் படித்த காலத்தில் பாடத்திட்டக் குழுவில் இருந்த ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எந்தத் தாளில் எது இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அதேபோல், படிக்கும்போதே பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியையோ கோப்பையோ முழுமையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துறை மூடப்படலாம், தளம் மாறலாம், உங்களுடைய பட்டம் உங்களோடுதான் இருக்கும்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்லூரி திறந்து, 92 பக்கங்களுக்குப் பக்கத்துக்கு 50 ரூபாய் வீதம் 4,600 ரூபாய் கட்டிச் சான்றொப்பம் வாங்கும்போது நவம்பர் ஆகிவிட்டது. ஆறு பேரும் சேர்ந்து ஒரே கோப்பாக விண்ணப்பித்தோம். குறைபாடு என்று திரும்பிய ஒவ்வொன்றும் எங்கள் பக்கத்துக் குறைதான்: ஒருவருடைய மதிப்பெண் பட்டியலில் தாள் குறியீடு பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை, இன்னொருவருடைய இறுதிப் பட்டச் சான்றிதழே இல்லாமல் தற்காலிகச் சான்றிதழ் மட்டும் இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள் பலர் இறுதிச் சான்றிதழை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்கு நான்கு முறை போய் வந்தேன்.

அரசாணை 2022 தொடக்கத்தில் வந்தது. அடுத்த முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கான அறிவிக்கையோ 2021 செப்டம்பரிலேயே வெளியாகிவிட்டிருந்தது. அறிவிக்கை வரும் நாளில் இணைத்தன்மை அரசாணை கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கியது அந்தத் தேர்வுக்கு உதவாது. அந்தச் சில மாத இடைவெளியில் இன்னொரு வாய்ப்பும் போயிற்று. இதை அறிந்திருந்தால், 2012-இல் பட்டம் வாங்கிய கையோடு, துறையும் ஆசிரியர்களும் இருந்தபோதே விண்ணப்பித்திருப்பேன். அரசாணை பெறத் தேர்வில் வென்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சான்றொப்பத்துக்கும் சான்றிதழ் நகல்களுக்கும் 6,200, சென்னைப் பயணங்களுக்கு 7,200, கல்லூரிக்குப் போய் வந்ததில் 4,500, நகலெடுப்பு, அஞ்சல் 2,000, பள்ளியில் விடுப்புக்குப் பிடித்த சம்பளம் 9,000. மொத்தம் 28,900 ரூபாய்; பயிற்சி மையக் கட்டணம் தனி. நான் வாங்கிய சம்பளம் 12,500. முதுநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 36,900. ஒவ்வொரு மாதமும் சம்பளக் கையெழுத்துப் போடும்போது அந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வரும். எனக்குத் திருமணம் தள்ளிப் போனதும், அப்பா குத்தகைத் தோப்பு ஒன்றை விட்டுக்கொடுத்ததும் இந்தக் கணக்கில் வரவில்லை.

2025 அக்டோபரில் மீண்டும் தேர்வு எழுதினேன். இம்முறை அரசாணை இருந்தது; கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரவில் மட்டுமே படிக்க முடிந்ததால் மதிப்பெண் போதவில்லை. எங்கள் ஆறு பேரில் இருவர் இன்று அரசுப் பணியில் இருக்கிறார்கள். அரூர்த் தோழி அவர்களில் ஒருத்தி.

முன்னாள் மாணவர் வாட்ஸாப் குழுவில் அரசாணை நகலையும், ஒப்பீட்டு அட்டவணையையும், 92 பக்கங்களையும் ஏற்றி வைத்திருக்கிறோம். எனக்குப் பின்னால் படித்த பிரிவுகளிலிருந்து இப்போதும் யாராவது அழைக்கிறார்கள். போன மாதம் பென்னாகரத்திலிருந்து ஒரு தங்கை அழைத்து, “அக்கா, நாளைக்கு எனக்குச் சரிபார்ப்பு, அந்தப் பேப்பர் கெடைக்குமா?” என்று கேட்டாள். இரவு பத்தரை மணி. அனுப்பிவிட்டு, எந்தப் பக்கத்தில் அவளுடைய பட்டத்தின் பெயர் இருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் படமெடுத்தும் அனுப்பினேன். மறுநாள் மதியம், ஏற்றுக்கொண்டார்கள் என்று அவளிடமிருந்து செய்தி வந்தது.